கமரா வாங்கின கையோட ஏன் ஆச்சிமாரைத் தேடி ஓடுறம்?

கம்பஸில் நடக்கிற எந்தப் புகைப்படக் கண்காட்சிக்குப் போனாலும் உள்ளே என்ன இருக்கும் என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம். வெற்றிலை போட்ட வாயோடு சிரிக்கிற ஆச்சி. படம் கறுப்பு வெள்ளை, முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றையும் எண்ணக்கூடிய மாதிரிக் கூராக்கியிருப்பார்கள். அந்திச் சூரியனுக்கு முன்னால் வலை வீசுகிற ஒருவர், அவருக்கு முகமே இருக்காது. சட்டையில்லாத சின்னப்பிள்ளை ஒன்று கமராவை நிமிர்ந்து பார்க்கும். கூடையோடு கொழுந்து பறிக்கிற அக்கா. தலையில்லாத பனை, பின்னால் சிவந்த வானம். கீழே 'முதுமை', 'உழைப்பு', 'நம்பிக்கை', 'தேடல்' என்று ஒற்றைச்சொல் தலைப்பு. அதற்குப் பக்கத்தில் ஒரு பேர் இருக்கும். ஆச்சியின் பேர் என்று நினைத்துவிடாதீர்கள், படம் எடுத்த பெடியனின் பேர்.

இந்தப் படங்களை எடுப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. கனபேர் எங்கட நண்பர்கள்தான். ஆனால் டிஎஸ்எல்ஆர் கமராவைப் பொழுதுபோக்காகப் பழகத் தொடங்குகிற எங்கட வயதுக்காரருக்கு முதல் மாதத்திலேயே ஒரு பிழையான பாடம் சொல்லிக்கொடுக்கப்படுகிறது என்பது எங்கள் வாதம். அந்தப் பாடத்தை யாரும் வாயால் சொல்வதில்லை. எந்த லென்ஸை அடுத்ததாக வாங்குவது என்ற ஆலோசனைக்குள் அது ஒளிந்திருக்கிறது.

கமராவோடு 18-55 மிமீ லென்ஸ் ஒன்று சேர்ந்து வரும். ஆறு மாதம் போனதும் "அண்ணை, அடுத்தது என்ன லென்ஸ் எடுக்கலாம்?" என்று கேட்போம். பத்தில் எட்டு அண்ணைமார் சொல்லுகிற பதில், கனன் என்றால் 55-250, நிக்கோன் என்றால் 70-300. ஏன்? "தூரத்தில நிண்டு எடுக்கலாம். ஆக்களுக்குத் தெரியாது. நச்சுரலா வரும்."

ஆக்களுக்குத் தெரியாது. இந்த ஒரு வசனத்தில்தான் எங்களுக்குச் சண்டை. கணக்கைப் பாருங்கோ. கனனின் சாதாரண டிஎஸ்எல்ஆரில் 250 மிமீ லென்ஸைப் போட்டால், பதினொரு மீற்றர் தூரத்தில் நின்றபடியே ஒருவரின் இடுப்புக்கு மேற்பகுதியால் முழுச் சட்டத்தையும் நிரப்பலாம். ரோட்டுக்கு அங்கால் பக்கம் நின்று, மதகில் இருக்கிற ஐயாவை அவருக்கே தெரியாமல் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய்விடலாம். அதே படத்தை 35 மிமீயில் எடுக்க வேண்டுமென்றால் அவரிடமிருந்து ஒன்றரை மீற்றரில் நிற்க வேண்டும். ஒன்றரை மீற்றர் கதைக்கிற தூரம். அங்கே போய் நின்றுகொண்டு ஒன்றும் பேசாமல் கமராவைத் தூக்க விசரனாலும் முடியாது. "ஐயா, ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேட்டே ஆக வேண்டும். அவர் "வேண்டாம் தம்பி" என்று சொல்வதற்கும் இடம் இருக்கிறது.

போனில் எடுக்காமல் ஏன் டிஎஸ்எல்ஆர் என்று கேட்பவர்களுக்கும் எங்களிடம் இதே காரணம்தான் இருக்கிறது. இந்தக் கமராவை மறைக்க ஏலாது. கறுப்பாய்ப் பெரிதாய்க் கழுத்தில் தொங்கும். அழுத்தினால் உள்ளே இருக்கிற கண்ணாடி மேலே எழும்பி விழுகிற சத்தம் கேட்கும். படம் எடுக்கப்படுகிறவருக்குத் தான் எடுக்கப்படுகிறேன் என்று தெரிந்துவிடும். கனபேர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு இதுதான் இந்தக் கருவியில் பிடித்த விசயம். அதைக் கொண்டுபோய் 250 மிமீ லென்ஸின் பின்னால் ஒளித்துவைப்பது பரிதாபம்.

இதைச் சொன்னவுடன் ஒரு பேரை எடுத்து எங்கள் தலையில் போடுவார்கள். ஹென்றி கார்த்தியே-பிரெசோன். அவர் அனுமதி கேட்டாரா, கேட்டால் அந்தக் கணம் போய்விடாதா என்பார்கள். கேட்கவில்லைதான். தன்ர லைக்காவின் மினுங்குகிற பாகங்களைக் கறுப்பு நாடாவால் மூடித்தான் வைத்திருந்தார், அதையும் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அவர் பெரும்பாலும் பாவித்தது 50 மிமீ லென்ஸ். ஆட்களுக்குள் நடந்து, ஆட்களோடு நின்றுதான் எடுத்தார். மதிலுக்குப் பின்னால் நின்று சூம் பண்ணுகிற வேலைக்கு அவர் பேரைச் சாட்சிக்கு இழுப்பது சரியில்லை. கணம் போய்விடும் என்று பயமாக இருந்தால் முதலில் எடுங்கள், பிறகு கிட்டப் போய் எடுத்ததைக் கமராத் திரையில் காட்டுங்கள். அழி என்றால் அழியுங்கள். அதைச் செய்ய ஒரு நிமிசம் போதும். அந்த ஒரு நிமிசத்துக்குக் கூச்சப்படுகிறவர்கள் தங்கள் கூச்சத்துக்குக் கலை என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்குள் இருக்கிற பெண்களுக்கு இந்தச் சிக்கல் வேறு மாதிரி வருகிறது. பெட்டை ஒருத்தி கமராவோடு ஒழுங்கைக்குள் இறங்கினால் அவள் யாரையும் படம் எடுக்க முதலே ஊர் அவளைப் படம் எடுத்துவிடும். "பிள்ளை ஆற்ற மகள்? எந்தப் பக்கம்? என்னத்துக்கு உந்தப் படம்?" மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாமல் அடுத்த படலை தாண்ட முடியாது. எரிச்சல்தான், அதே கேள்வியைப் பெடியங்களிடம் யாரும் கேட்பதில்லை என்பது அதைவிட எரிச்சல். ஆனால் பதில் சொல்லி முடிக்கிற நேரத்துக்குள் அவளுக்கு எதிரில் நிற்பவரின் பேர், வீடு, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் எல்லாம் தெரிந்திருக்கும். பிறகு எடுக்கிற படம் வேறு படம். குசினிக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்த பிறகு எடுக்கிற படம். அந்தக் கேள்விகளைப் பெடியங்களிடமும் கேட்டால் நல்லது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

பேர் இல்லாமல் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிற பழக்கம் இந்த நாட்டில் நாங்கள் கண்டுபிடித்த ஒன்றில்லை. ஏ.எல்.லில் வரலாறோ அரசறிவியலோ படித்தவர்கள் கோல்புறூக்-கமரூன் சீர்திருத்தத்தைப் பாடமாக்கியிருப்பீர்கள். அந்தக் கமரூனின் மனைவி ஜூலியா மாகிரட் கமரூன், புகைப்பட வரலாற்றில் முன்வரிசையில் வைக்கப்படுகிறவர். 1875இல் இங்கே வந்தார். குடும்பத்துக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் இருந்த காலத்தில் தன் வீட்டுப் பணிப்பெண்ணைத் திரும்பத் திரும்ப மாதாவாக நிறுத்திப் படம் எடுத்தவர். அந்தப் பணிப்பெண்ணின் பேர் மேரி ஹில்லியர் என்று இன்றைக்கும் உலகத்துக்குத் தெரியும். இலங்கையில் எடுத்தவற்றில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அதில் ஒன்றின் தலைப்பு 'களுத்துறை விவசாயிகள் குழு', 1878. அதற்கு முதல் வருசம் களுத்துறையில் அவருடைய வீட்டுக்கு மேரியன் நோர்த் என்ற ஓவியர் விருந்தாளியாக வந்தார். அவரையும் படம் எடுத்தார். அந்தப் படத்தில் நிற்பவரின் பேர் மேரியன் நோர்த். மற்றதில் நிற்பவர்களின் பேர் விவசாயிகள்.

அதற்குப் பிறகு வந்த தபால் அட்டைக் காலத்தைச் சொல்லத் தேவையில்லை. 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிப்பவள்' என்று வகை வகையாக அச்சடித்துக் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு விற்றார்கள். வெள்ளைக்காரன் செய்ததை வகுப்பில் காலனியப் பார்வை என்று பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, பின்னேரம் நுவரெலியா ட்ரிப்பில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, கொழுந்து மலையில் நிற்கிற அக்காவைக் கூடையோடு சிரிக்கச் சொல்லுகிறோம். மலையகத்திலிருந்து எங்களோடு படிக்கிறவர்கள் அந்த நேரம் பஸ்ஸுக்குள்ளேயே இருந்துவிடுவார்கள். ஏன் இறங்கவில்லை என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

எங்கட பக்கத்தில் இது ஏன் அழகியல் விசயம் மட்டும் இல்லை என்பதற்கு வருவோம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அம்மாமார் கையில் வைத்திருந்த படங்கள் எப்படிப்பட்டவை என்று. அடையாள அட்டைக்கு ஸ்ரூடியோவில் எடுத்ததைப் பெரிதாக்கியவை. கலியாண வீட்டுக் குரூப் போட்டோவில் பின்வரிசையில் நின்ற தலையை வெட்டியெடுத்துப் பெருப்பித்தவை, அதனால் மூக்கும் வாயும் கலங்கியவை. எந்தப் போட்டியிலும் முதல் சுற்றே தாண்டாத படங்கள். ஒளி தட்டை, பின்னணி நீலத் துணி. ஆனால் ஒவ்வொன்றிலும் பேர் இருந்தது, பிறந்த திகதி இருந்தது, கடைசியாகக் கண்ட இடமும் நாளும் இருந்தது. அந்தப் படம் ஒன்று இல்லாமல் போயிருந்தால் அந்தப் பிள்ளையின் முகத்துக்கு வேறு சாட்சி இல்லை.

2004இல் கடல் கொண்டுபோன அல்பங்கள் எத்தனை. 2009இல் வன்னியில் இடம் மாறி மாறிப் பங்கருக்குள்ளும் தறப்பாளுக்குள்ளும் விட்டுவந்த அல்பங்கள் எத்தனை. எங்கட வயதில், சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லாதவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். தாத்தாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் "உன்ர பெரியப்பான்ர சாயல்" என்பதோடு சரி.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு கமரா வாங்கிய ஒருவர் போட்டிக்கு என்ன அனுப்புகிறார்? அந்தக் கொட்டகைக்குப் போய் 250 மிமீயில் ஓர் அம்மாவின் கண்ணீர்த் துளியை மட்டும் எடுக்கிறார். அவர் கையில் இருக்கிற படத்தை மங்கலாக்குகிறார். தலைப்பு: 'காத்திருப்பு'. அம்மா காட்டுவதற்காகத் தூக்கிப்பிடித்திருக்கிற முகத்தை அழித்துவிட்டு, அவர் காட்ட விரும்பாத கண்ணீரை எடுத்துக்கொண்டு வருகிறார். இதற்கு மேல் இதைப்பற்றி மரியாதையாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

மங்கலாக்கிற விசயத்தைத் தனியாகவே பேச வேண்டும். டிஎஸ்எல்ஆர் வாங்குகிற பாதிப்பேர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ், மற்ற லென்ஸ்களோடு பார்க்க விலை குறைவு, போட்டவுடன் பின்னால் எல்லாம் வெண்ணெய் மாதிரி உருகும். நல்ல லென்ஸ்தான், நாங்களும் பாவிக்கிறோம். ஆனால் பின்னால் என்ன உருகுகிறது என்று ஒருக்கா பாருங்கோ. விறாந்தைச் சுவரில் நகைக்கடைக் கலண்டர். மாலை போட்ட மாமாவின் படம். திருத்திப் பூசியும் தெரிகிற ஷெல் பட்ட காயம். வெளிநாட்டிலிருந்து வந்த மணிக்கூடு. மூலையில் தையல் மெசின், அதற்கு மேலே மடித்து வைத்த பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. இருபது வருசம் கழித்து உங்கட அம்மாவின் படத்தை எடுத்துப் பார்க்கிறபோது நீங்கள் தேடப்போவது இவற்றைத்தான். எஃப் 1.8இல் எடுத்தால் அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு பசை மட்டும் இருக்கும். எஃப் 5.6க்கோ 8க்கோ போங்கள், வீடும் படத்துக்குள் வரட்டும்.

வீட்டுக்குள் வெளிச்சம் காணாது என்பது சாட்டு. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு நேரே நிற்கும். அந்த நேரம் வெளியில் எடுத்தால் எல்லாருடைய கண்ணுக்கும் கிடங்கு விழுந்த மாதிரி நிழல் விழும். அதே நேரம் கதவு திறந்திருக்கிற முன்னறைக்குள் முற்றத்தில் பட்டுத் தெறித்த வெளிச்சம் மெதுவாக வந்து நிற்கும். ஸ்ரூடியோவில் காசு கொடுத்தாலும் கிடைக்காத வெளிச்சம் அது. அம்மா கதவைப் பார்த்து இருக்கட்டும், நீங்கள் கதவுநிலைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஐஎஸ்ஓவை 1600க்குத் துணிந்து ஏற்றுங்கள், கொஞ்சம் மணல் தூவின மாதிரி வரும், பரவாயில்லை. கை ஆடாமல் இருக்க ஷட்டர் 1/60க்குக் கீழே போகாமல் பாருங்கள். முகத்துக்குப் பின்னால் வெளிச்சமான யன்னலோ வெள்ளைச் சுவரோ இருந்தால் கமரா ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கிவிடும். பிளஸ்-மைனஸ் பொத்தானை அழுத்தி ஒரு படி கூட்டுங்கள். எடுத்த பிறகு கம்பியூட்டரில் போட்டு முகத்தை வெள்ளையாக்காதீர்கள். சாமத்திய வீட்டு அல்பங்களில் எங்கட தங்கச்சிமாருக்குச் செய்யப்படுகிற அந்தக் கொடுமையைக் காசுக்கு வேலை செய்கிறவர்கள் செய்தால் வாடிக்கையாளர் கேட்டார் என்று ஒரு காரணமாவது இருக்கும். பொழுதுபோக்குக்கு எடுக்கிற உங்களிடம் யார் கேட்டது?

"கதையெல்லாம் சரி, கமராவுக்குக் காசு எங்க?" நியாயமான கேள்வி. 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதோடு புதுக் கமரா என்ற கதை மாணவர்களுக்கு முடிந்துவிட்டது. ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2018இல் நிக்கோனும் கனனும் பெரிய சென்சரோடு மிரர்லெஸ் கமராக்களை இறக்கியதிலிருந்து கலியாண வீடு எடுக்கிறவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் மாறுகிறார்கள். பழைய டிஎஸ்எல்ஆர்கள் கைமாறுகின்றன. 2011இல் வந்த கனன் 600டி, 2012இல் வந்த நிக்கோன் டி3200 போன்றவை வீட்டுச் சுவருக்குப் பெரிதாக அச்சடிக்கத் தாராளம். வாங்கும்போது லென்ஸைக் கழற்றி ஒரு பக்கத்தால் ரோச் லைற்றை அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்திவலை மாதிரித் தெரிந்தால் பங்கசு, எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். கடற்கரைப் பக்கத்து ஈரத்துக்கு அது மற்ற லென்ஸுக்கும் வரலாம். எத்தனை தரம் ஷட்டர் அடித்திருக்கிறது என்று கேளுங்கள். டி3200இன் ஷட்டரை ஒரு லட்சம் தரத்துக்குச் சோதித்ததாக நிக்கோன் சொல்கிறது. கலியாண வீடுகளில் ஓடின கமரா அதைத் தாண்டியிருக்கலாம். நிக்கோனில் எடுத்த படத்தின் கோப்பிலேயே அந்த எண்ணிக்கை பதிந்திருக்கும், கனனில் கேபிள் போட்டுத் தனி மென்பொருளால் பார்க்க வேண்டும். நிக்கோனின் டி3000 வரிசைக்குள் மோட்டர் இல்லை, பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டிவரும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

வேறு லென்ஸ் வேண்டாம், ஒரு வருசத்துக்கு. கூட வந்த 18-55ஐ 35இல் வைத்துவிட்டு, திருகுகிற வளையத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டிவிடுங்கள். கிட்டப் போக வேண்டுமென்றால் கால் இருக்கிறது.

இன்னொன்று, கனபேர் கவனிக்காதது. பழைய கமராவில் திகதி எப்போதும் பிழையாக இருக்கும். மெனுவுக்குள் போய் நாளையும் நேரத்தையும் சரியாக வைத்துவிட்டுத்தான் முதல் படம். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்தத் திகதி போய் உட்காரும். ஒரு கொப்பியில் பேர், இடம். படத்தை இரண்டு இடத்தில் சேமியுங்கள், வட்சப்பில் அனுப்பியது சேமித்ததாகாது. நாலுக்கு ஆறு அளவில் அச்சடித்து, எடுக்கப்பட்டவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். தன் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லாத ஆச்சிமார் எத்தனை பேர் கண்காட்சிச் சுவர்களில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று எங்களுக்கு அடிக்கடி யோசனை வரும்.

அப்ப துன்பத்தையே படம் எடுக்கக் கூடாதா, அழகான வீட்டுப் படம் மட்டும் எடுத்துக்கொண்டிருப்பதா என்று தோழர் ஒருவர் சண்டைக்கு வந்தார். எடுக்க வேண்டும். இந்த மண்ணில் கமராவோடு நின்றதற்காக அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள், உயிரையே கொடுத்த செய்தியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எடுத்தது எது, எங்கே, எப்போது, யார் என்று சொல்கிற படம். அதனால்தான் அது சாட்சியாக நின்றது. 'காத்திருப்பு' என்று தலைப்பு வைத்த கண்ணீர்த் துளி எந்த நாட்டு அம்மாவின் கன்னத்திலும் இருந்திருக்கலாம், எந்த விசாரணைக்கும் அது உதவாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கதைக்க வேண்டாம் என்றுதான் தோழரிடமும் சொன்னோம். அவர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.

அடுத்த கண்காட்சிக்கு விண்ணப்பப் படிவம் வந்திருக்கிறது. எடுத்தவர் பேர், பீடம், பதிவிலக்கம், கமரா வகை, லென்ஸ், அப்பெச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ, தலைப்பு. ஒன்பது கட்டம். படத்தில் இருப்பவரின் பேருக்குக் கட்டம் இல்லை. அவரிடம் கேட்டீர்களா என்பதற்கும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் படிவத்தை மாற்றும்படி ஏற்பாட்டாளர்களுக்கு எழுதியிருக்கிறோம். மாற்றும்வரை எங்கள் பக்கத்திலிருந்து ஒரு படமும் வராது. படம் அனுப்ப இருக்கிற மற்ற நண்பர்களும் தலைப்புக் கட்டத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஆச்சியின் பேரை எழுதி அனுப்பிப் பாருங்கோ.